கோணல் படங்களும் ஒரு வெள்ளைத் தீப்பெட்டியும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கிறது. என் பேத்தி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தாத்தாவோட தப்புப் பெட்டி'. பெயர் சரிதான். அதற்குள் எழுநூறு தீப்பெட்டிப் படங்களும் நூற்றுச் சொச்சம் முழுத் தீப்பெட்டிகளும் இருக்கின்றன. ஒன்றுகூட ஒழுங்கானது கிடையாது. நிறம் விலகியது, பாதி வெட்டுப்பட்டது, எழுத்து விட்டுப்போனது, ஒன்றின் மேல் ஒன்று அச்சானது, கோணலாக ஒட்டியது என்று எல்லாமே பிழை. நல்ல படம் கிடைத்தால் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதையும், அறுபத்தைந்து வயதுக்கு மேல் என் வீட்டுக்காரி ஒரு நாள் அதை எப்படித் தெளிய வைத்தாள் என்பதையும் சொல்லலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் ஒரு பெட்டிக்கடை. வெற்றிலை பாக்கு, பீடி, சோடா, கடலைமிட்டாய், தீப்பெட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கடையில் உட்கார வேண்டும். தீப்பெட்டி டஜன் டஜனாகக் காகிதம் சுற்றி வரும். அந்தக் கட்டைப் பிரித்து அலமாரியில் அடுக்குவது என் வேலை. அப்போதெல்லாம் பெட்டி அட்டையில் வராது. மெல்லிய மரச் சிலும்பை மடித்து, நீலக் காகிதம் சுற்றி, மேலே ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்த நீலக் காகிதமும், பெட்டியைத் திறக்கும்போது கிழியும் மெல்லிய வரிப் பட்டையும் மறந்திருக்காது. பேண்ட்ரோல் என்போம். வெள்ளைக்காரன் 1934இல் தீப்பெட்டிக்கென்றே ஒரு தீர்வைச் சட்டம் போட்டான். தீர்வை கட்டியாயிற்று என்பதற்கு அந்தப் பட்டைதான் சாட்சி. இந்தப் பட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தெருவில் பையன்களுக்கெல்லாம் தீப்பெட்டிப் படம்தான் காசு. தரையில் வட்டம் போட்டு, நடுவில் படங்களை அடுக்கி, சில்லு எறிந்து வெளியே தள்ளினால் நமக்கு. புலி, யானை, மயில், கப்பல், விமானம், சாமி என்று எத்தனையோ படங்கள். கடைக்காரர் மகன் என்பதால் எனக்குத் தனி மரியாதை.

1962 என்று நினைக்கிறேன். அன்று பிரித்த கட்டில் ஒரு பெட்டியில் கிளிப் படம். கிளியின் உடம்பு பச்சை, மூக்கு சிவப்பு. ஆனால் மூக்கு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு நெல் அகலம் தள்ளி, அந்தரத்தில் தனியாக நின்றது. மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கிளி! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "படம் எப்படி இருந்தா என்ன, பத்துதான்னு பாரு" என்றார். குச்சி பற்றியது. பெட்டி காலியானதும் படத்தை ஈரத்துணி வைத்து உரித்து, ரஃப் நோட்டில் ஒட்டி வைத்தேன். அதுதான் ஒன்றாம் நம்பர். இன்றும் இருக்கிறது.

மூக்கு ஏன் தள்ளிப்போனது என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பி.காம். முடித்து அரசுத் தணிக்கை வேலைக்குப் போனேன். மதுரை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று ஊர் ஊராகச் சுற்றும் வேலை. சிவகாசிக்குப் போனால் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டியிருக்கும். அங்கே சாயங்கால டீக்கடையில் பழக்கமான ஒரு லித்தோ மெஷின்மேன் எனக்கு வாத்தியாரானார்.

சிவகாசி கதை உங்களுக்குத் தெரியாதது அல்ல. கரிசல் பூமி, மழை குறைவு, பயிரை நம்ப முடியாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு, அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பித் தொடங்கினார்கள். விவசாயத்துக்கு ஆகாத காய்ந்த காற்று, குச்சி காயவும் மருந்து காயவும் தோதாக இருந்தது. தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்டப் படம் வேண்டும். படத்துக்காக அச்சாபீஸ் வந்தது. அச்சாபீஸ் வந்ததும் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் என்று ஊரே மாறிப்போனது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் முருகன் காலண்டருக்குத் தாத்தா அந்தத் தீப்பெட்டிப் படம்தான்.

மெஷின்மேன் சொல்லிக்கொடுத்தது இது. அந்தக் காலத்து லித்தோவில் ஒரு நிறத்துக்கு ஒரு கல், பிற்பாடு ஒரு தகடு. எண்ணெய் மசியும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே ஒரு சங்கதிதான் அந்தத் தொழிலுக்கு ஆதாரம். ஒரு தாளில் வரிசை வரிசையாக நிறையப் படங்கள் இருக்கும். மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, நீலம் ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை என்று அதே தாள் நாலு முறை மெஷினுக்குள் போய் வர வேண்டும். நாலு முறையும் தாள் அதே இடத்தில் போய் முட்ட வேண்டும். அதற்கு ரிஜிஸ்டர் என்று பெயர். இரண்டு முறைக்கு நடுவே தாள் ஈரம் குடித்து ஒரு மயிரிழை நீண்டாலும், தாள் போடுகிற பையன் முட்டுக்கட்டையில் சரியாகச் சேர்க்காமல் விட்டாலும் போச்சு, கிளிக்கு மூக்கு தள்ளிவிடும். அதுவும் ஒரு கிளிக்கு மட்டுமல்ல, அந்தத் தாளில் உள்ள அத்தனை கிளிக்கும்.

அச்சான பிறகு நூற்றுக்கணக்கான தாள்களை ஒன்றாக அடுக்கி, கட்டிங் மெஷினில் வெட்டுவார்கள். அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வெட்டு கோணலாக விழும். அப்போது ஒரு படத்தில் மேல் பாதி ஒரு யானையின் கால், கீழ்ப் பாதி அடுத்த யானையின் தலை என்று வரும். என்னிடம் அப்படி ஒரு யானை இருக்கிறது. காலுக்குக் கீழே தலை.

இன்னொரு வகையும் உண்டு. மெஷினை ஓட்டத் தொடங்கும்போது நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கப் பழைய தாள்களையே திரும்பத் திரும்ப விடுவார்கள். ஐந்தாறு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகி, மயில் மேல் விமானம், விமானத்தின் மேல் லட்சுமி என்று கிடக்கும். இதை வேஸ்ட் என்று கிலோ கணக்கில் விற்றுவிடுவார்கள். நாம் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டது பெரும்பாலும் இந்தத் தாளில்தான்.

சேர்ப்பவனுக்கு இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வேஸ்ட் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மதிப்புக் குறைவு. அச்சாபீஸ்காரனே தள்ளுபடி செய்த தாள் அது. உண்மையான பிழை என்பது அச்சடித்தவன், வெட்டினவன், ஒட்டினவன், கட்டினவன் என்று எல்லார் கண்ணையும் தப்பி, கடைக்கு வந்து, காசுக்கு விற்கப்பட்டது. தபால்தலை சேர்ப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள். 1854இல் கல்கத்தாவில் அச்சிட்ட நாலணாத் தபால்தலையில் சட்டம் சிவப்பு, ராணி தலை நீலம். இரண்டு தடவை அச்சு. சில தாள் திரும்பிப் போய், விக்டோரியா மகாராணி தலைகீழாக விழுந்துவிட்டார். உலகத்தில் இன்று இருப்பது முப்பதுக்கும் குறைவு. அமெரிக்காவில் 1918இல் விமானம் தலைகீழாக அச்சான நூறு தலை கொண்ட ஒரே ஒரு தாள் தபாலாபீஸ் ஜன்னல் வழியாக வெளியே வந்தது. அதில் ஒன்று கையில் இருந்தால் வீடு வாங்கலாம்.

மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். 2014இல் நாங்கள் அங்கே போய் ஆறு மாதம் இருந்தோம். பொழுது போகாமல் நான் தவிப்பதைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்த பேஸ்பால் அட்டைச் சந்தைக்கு அழைத்துப் போனான். அங்கே நூறு வருடத்துக்கு மேலாகவே ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளைச் சிகரெட் பெட்டிக்குள்ளும், பிறகு சூயிங்கம்மோடும் வைத்து விற்றிருக்கிறார்கள். நம் ஊரில் பபிள்கம்மோடு கிரிக்கெட் அட்டை வந்ததே, அது மாதிரி. ஒரு பெரியவர், என்னைவிட மூத்தவர், மேஜையில் பிழை அட்டைகளை மட்டும் பரப்பி வைத்திருந்தார். பாதி ஒரு ஆட்டக்காரர், பாதி இன்னொருவர். பேர் விட்டுப்போனது. 1957இல் வந்த ஹேங்க் ஆரன் அட்டையில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்ததால், வலது கை ஆட்டக்காரர் இடது கைக்காரராக நிற்கிறார்.

நான் என் செல்போனில் இருந்த மூக்கு தள்ளிய கிளியைக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவர் பேசியதில் பாதி புரியவில்லை, அவருக்கு நான் பேசியதில் முக்கால் புரிந்திருக்காது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரி மட்டும் கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போது கிளம்புவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். எங்களுக்கு 1978இல் கல்யாணம். அவளுக்குச் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமான புதிதில் என் படங்களை ஆசையாகக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம்" என்று எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் முப்பத்தாறு வருடத்தில் அவள் அந்த டிரங்குப் பெட்டியைத் தொட்டதில்லை. ஒட்டடை அடிக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் அடிப்பாள். பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருக்காது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த பிறகு, அந்தப் பெரியவரைப் பார்த்த உற்சாகத்தில், எல்லாவற்றையும் முறைப்படி வரிசைப்படுத்தத் தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை. எந்த வருடம் கிடைத்தது, எந்தக் கடை, என்ன வகைப் பிழை, எவ்வளவு அரிது. சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு வாரம் தீப்பெட்டி. அவளுக்குக் காய் நறுக்கக்கூட இடமில்லை.

அதில் நான் ராஜா மாதிரி வைத்திருந்தது ஒரு முழுப் பெட்டி. 1965இல் அப்பா கடையில் கிடைத்தது. நீலக் காகிதம் இருக்கிறது, குச்சி இருக்கிறது, பேண்ட்ரோல்கூடக் கிழியாமல் இருக்கிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். ஒரு நிறம் விட்டுப்போன படம் நிறையப் பேரிடம் இருக்கும். நாலு நிறமும் விட்டுப்போனது நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாலு முறையும் மெஷினுக்குத் தப்பிய தாள்! அதன் அட்டையில் 'அச்சே விழாத லேபிள், மிக மிக அரிது' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அன்று காலை காபி கொண்டு வந்தவள், டம்ளரை வைக்க இடம் தேடி, அந்த வெள்ளைப் பெட்டியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். கட்டை விரலால் அந்த வெள்ளைக் காகிதத்தை மெல்லத் தடவினாள். நான் எழுதியிருந்த அட்டையைப் படித்தாள்.

"இது அச்சுத் தப்பு இல்லைங்க" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"படம் உள்ள இருக்கு. குப்புற ஒட்டிருக்காக."

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருடமாக நான் பார்த்த பெட்டி. அவளோ விளக்கினாள். லேபிள் காகிதம் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், மறுபக்கம் சொரசொரப்பு. வழவழப்பான பக்கம்தான் அச்சு. வெளியே தெரிவது சொரசொரப்பான பக்கம். அச்சு விழாத தாளாக இருந்தால் வழவழப்பு வெளியே இருக்குமே? நாலு நிற ரிஜிஸ்டர் பற்றி அரை மணி நேரம் பேசுகிற எனக்கு, விரலால் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை.

"உரிச்சுப் பாத்துருவமா?" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனமில்லை. உரித்தால் என் ராஜா போய்விடும். அவள் காத்திருந்தாள். கடைசியில், "ஒரு மூலை மட்டும்" என்றேன். ஈரத்துணியை மூலையில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்து, நகத்தால் அவள் தூக்கிய விதமே சொல்லிவிட்டது, இந்த வேலை அந்தக் கைக்குப் புதிதில்லை என்று. காகிதத்தின் உள்பக்கம் பச்சை தெரிந்தது. கிளியின் வால்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காபி ஆறிப்போனது.

அவள் கிராமத்தில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் ஒட்டினாள் என்பதும் ஏதோ ஒரு பேச்சில் காதில் விழுந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள், ஃபேக்டரி என்று சொல்ல மாட்டார்கள். ஆபீஸிலிருந்து மூட்டையில் சிலும்பும் காகிதமும் லேபிளும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. பிறகு பள்ளிக்கூடமே நின்று முழுநேர வேலையாகிவிடும். இவள் ஐந்தாவதோடு நின்றவள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு பெட்டி.

லேபிள் ஒட்டுவதற்கு ஒரு முறை உண்டாம். பலகையில் லேபிள்களைக் குப்புறப் போட்டு, சீட்டுக்கட்டை விசிறுகிற மாதிரி வரிசையாக விரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பில் மைதாப் பசை தடவுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்து அழுத்த வேண்டியதுதான். ஒருவர் விரித்துப் பசை தடவுவார், இன்னொருவர் எடுத்து ஒட்டுவார். இவளுக்கு அப்போது பத்து வயது, தங்கச்சிக்கு எட்டு. இவள் விரிப்பாள், அவள் ஒட்டுவாள்.

"ஒரு நாள் ராத்திரி, சிம்னி விளக்கு. சனிக்கிழமை மூட்டை எடுக்க வருவாக, அதுக்குள்ள முடிக்கணும். தூக்கத்துல நான் ஒரு பலகை லேபிளை மல்லாக்கப் போட்டு, படத்து மேலயே பசையைத் தடவிட்டேன். அவ பாட்டுக்கு எடுத்து ஒட்டிட்டா. ஐம்பது பெட்டி. காலைல பாத்தா அம்புட்டும் வெள்ளை."

கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார். கழிவு என்று எழுதி அந்த ஒரு குரோஸ் முழுக்கவே கூலியில் கழித்தார். பாழாய்ப் போன லேபிளுக்கு வேறு தனியாகப் பிடித்தார். நாலணாப் போனது. ஒட்டியது யார் என்று அம்மா கேட்டார். தங்கச்சிக்கு அடி விழுந்தது. விரித்தது நான் என்று இவள் சொல்லவில்லை.

"நாலணால என்ன பெருசா போச்சுன்னு நெனைக்காதீங்க. அந்த வாரம் மண்ணெண்ணெய் வாங்கல. விளக்கு இல்லைன்னா ராத்திரி ஒட்டு இல்ல. அதுக்கு அடுத்த வாரமும் கூலி கம்மி."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே கேட்டாள். "அந்த ஐம்பது பெட்டியையும் கழிவுன்னு எடுத்துட்டுப் போனாகளே, கிழிச்சுப் போட்டுருப்பாகன்னுதான் இத்தன வருஷமும் நெனைச்சேன். உங்க அப்பா கடைக்கு எப்படிங்க வந்துச்சு?"

அந்தப் பெட்டி இவர்கள் வீட்டுப் பெட்டிதான் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு, எத்தனையோ தூக்கக் கலக்கம். எந்த ஆபீஸ் என்பதும் வேண்டாம். ஆனால் அவள் கேள்விக்குப் பதில் என் கையிலேயே இருந்தது. பெட்டியில் பேண்ட்ரோல் இருக்கிறது. அப்படியென்றால் ஆபீஸே அதை நல்ல பெட்டி என்று எண்ணி, குச்சி அடைத்து, தீர்வை கட்டி, விற்பனைக்கு அனுப்பியிருக்கிறது. கடைக்காரருக்கு முழு விலை. அப்பா அதை விற்றிருந்தால் அவருக்கும் முழு விலைதான். பற்று வைக்க வேண்டிய இடத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் கூலியை வைத்து, வரவில் பெட்டி விலையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கழிவு என்று எழுதிய சரக்கு எங்கே போனது என்று பார்ப்பதுதான் தணிக்கையில் முதல் பாடம். முப்பத்தைந்து வருடம் அதைச் செய்து சம்பளம் வாங்கினவன் நான். என் மேஜையிலேயே ஐம்பது வருடமாக அந்த ரசீது கிடந்திருக்கிறது.

எல்லார் கண்ணையும் தப்பி வந்ததுதான் உண்மையான பிழை என்று மேலே எழுதினேன் அல்லவா? இதைக் கேட்ட பிறகு அந்தச் சட்டத்தில் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. கண்ணைத் தப்பி வந்தவையும் இருக்கும். பார்த்து, கழித்து, பிறகு அனுப்பப்பட்டவையும் இருக்கும். டிரங்குப் பெட்டிக்குள் எது எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

ஒரு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு அவளேதான், "மேஜையில பாதி, பரணில பாதி கெடக்கு. முடிச்சு வைங்க" என்றாள். இந்த முறை அவளும் உட்கார்ந்தாள். நான் வகை பிரித்தேன், அவள் கையைப் பிரித்தாள். அதாவது, இது அச்சடித்தவர் கை, இது வெட்டினவர் கை, இது ஒட்டினவர் கை என்று. கோணலாக ஒட்டிய பெட்டிகளைப் பார்த்து, "இது இடது கைக்காரப் பிள்ளை", "இதுக்குப் பசை தண்ணியாப் போச்சு", "இது சின்னப் பிள்ளை, விரல் தடம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். பசையோடு காய்ந்துபோன ஒரு சின்ன விரல் ரேகை ஒரு பெட்டியின் ஓரத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து எத்தனையோ முறை பார்த்த பெட்டி. நான் அப்போதெல்லாம் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தை மாதம் கொழுந்தியாள் விருதுநகரிலிருந்து பேரன் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, என் வீட்டுக்காரி எழுந்து போய் அந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, நாற்பத்தொன்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். "அன்னைக்கு மல்லாக்க விரிச்சது நாந்தான். அடி நீ வாங்குன."

கொழுந்தியாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "எனக்குத் தெரியும்க்கா. ஒட்டுன எனக்குக் கண்ணு இல்லையா? மொதப் பெட்டிலயே பாத்துட்டேன். சொன்னா திருப்பி உரிக்கச் சொல்லுவ, தூக்கம் போயிரும்னு பேசாம ஒட்டிட்டேன்."

அக்காளும் தங்கச்சியும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுக்கு என்ன வெல மச்சான் கெடைக்கும்?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

"அச்சுத் தப்பா இருந்தா நல்ல வெல. ஒட்டுனதுல தப்புன்னா பெருசா கெடைக்காது."

"அதான பாத்தேன்" என்றாள். "அன்னைக்கும் ஒட்டுனவளுக்குத்தான் கெடைக்கல."

நீயே வைத்துக்கொள் என்றேன். வேண்டாம், பேரன் கொளுத்திவிடுவான், உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு சிவப்பு மையில் எழுதியிருந்த அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: 'படம் உள்ளே. ராத்திரி ஒட்டியது. நாலணா.'

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. விடியும் முன்னால் ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாய்ப் பிள்ளைகளை ஏற்றிப்போனதெல்லாம் மெல்ல மெல்லக் குறைந்தது. மெஷின் வந்தது, அட்டைப் பெட்டி வந்தது. அட்டையிலேயே படம் அச்சாகிவிடுவதால் இப்போது ஒட்டுகிற வேலையே இல்லை. 2007லிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. லைட்டர் வந்த பிறகு அதையும் வாங்க ஆளில்லை என்கிறார்கள். நான் இன்னமும் கடைக்குப் போனால் ஒரு பெட்டி வாங்கித் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிழை கிடைக்கவில்லையே என்று முன்பெல்லாம் வருத்தமாக இருக்கும். இப்போது இல்லை.

உங்கள் வீட்டிலும் பூஜை அலமாரியின் மூலையிலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ நீலக் காகிதம் சுற்றிய தீப்பெட்டி ஒன்று கிடக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் படத்தை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் சிறு வயதில் ஒட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், குரோஸுக்கு என்ன கூலி வாங்கினீர்கள், கழிவுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்தத் தணிக்கையை நான் அப்போதே செய்திருக்க வேண்டும்.